அந்து – உச்சி

என் சாச்சிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மூக்கு நுனி மட்டும் வெளுத்துப்போகும். சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. பெயர் ஜஹானாரா, வயது நாற்பத்து நான்கு. திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறை அட்டெண்டர். கல்லூரியின் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். எங்கள் காட்டூர்த் தெருவில் ரிஜிஸ்டர் தபால் வந்தாலே என்ன ஏது என்று கேட்க பத்து வீடு வந்துவிடும், பத்து வீட்டுக்கும் டீ போட வேண்டும். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

அவளுடைய அத்தாவும், அதாவது அப்பாவும், அதே துறையில் அட்டெண்டராக இருந்தவர்தான். தவளை ஜாடிகளுக்கு மருந்து மாற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வாரிசு வேலை யாருக்கு என்ற பேச்சு வந்தபோது வீட்டில் சும்மா இருந்தது சாச்சி மட்டும்தான். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. அதற்கு முந்தைய வருடம்தான் தஞ்சாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்பது மாதத்தில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அங்க காத்தே இல்ல."

இருபத்து மூன்று வருடமாக அவள் வேலை இதுதான். ஜாடி துடைப்பது, எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டுவது, பூச்சிப் பெட்டிகளில் அந்துருண்டை மாற்றுவது. துணியையும் அரிசியையும் தின்கிற அந்துப்பூச்சியை விரட்டத்தான் ஊரில் அந்துருண்டை போடுவார்கள். சாச்சி மட்டும் அந்துப்பூச்சியைக் காப்பாற்றுவதற்கு அந்துருண்டை போடுகிறவள். இந்த ஜோக்கை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

வருடா வருடம் துறையிலிருந்து கொடைக்கானல் டூர் போவார்கள். ஜாடி தூக்கவும் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் காவலாகவும் சாச்சியைக் கூட்டிப்போவார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போனபோது, ஊரெல்லாம் தாண்டி, சோலைக்காடும் தாண்டி, வெறும் புல் மட்டும் இருக்கிற ஒரு மலைத்தலையில் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த மலை என்று எழுதக்கூடாது. எழுதினால் நாளைக்கே வேன் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். மாணவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று அவள் புர்காவைப் பிடித்து இழுத்திருக்கிறது. சரியாக உச்சிவெயில் நேரத்தில் அந்தக் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. உடனே புல்லுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, முதுகில் ஒரே ஒரு வெள்ளிக்கோடு போட்ட பூச்சிகள் எழுந்தன. கால் மணி நேரம் பறந்தன. காற்று திரும்பி வந்ததும் காணோம்.

அப்போது பாடம் எடுத்த சார் ஒருவரிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள்.

"அந்துதாம்மா. விடு."

"அந்து ராத்திரியிலதானே சார் வரும்? இது பட்டப்பகல்ல பறக்குதே?"

"வழி தெரியாம வந்திருக்கும். பஸ்ல ஏறும்மா, நேரமாச்சு."

சாச்சி பஸ்ஸில் ஏறினாள். ஆனால் அதை விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அக்டோபரில் நான்கு நாள் லீவு போட்டு, திண்டுக்கல், வத்தலகுண்டு என்று பஸ் மாறி மாறித் தனியாகவே போக ஆரம்பித்தாள். லீவு ஃபாரத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுவாள். என்ன சொந்த வேலை என்று பாலக்கரையில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. மலையில் யாரோ ஆள் இருக்கிறான் என்றுகூடச் சொன்னார்கள். ஆள்தான். ஆறு கால்.

மூன்றாவது வருடம் அவள் கண்டுபிடித்ததுதான் விஷயம். ஒரு புல் குத்தை ஆறேழு பூச்சிகள் சுற்றிச் சுற்றி வந்தன. போய் விலக்கிப் பார்த்தால் உள்ளே நெல் உமி மாதிரி ஒன்று நடந்துபோகிறது. இறகு இருக்க வேண்டிய இடத்தில் சும்மா பேருக்கு இரண்டு துணுக்கு. பொட்டைப்பூச்சி அது. பறந்தால் அந்தக் காற்று அள்ளிக்கொண்டுபோய்க் கீழே போட்டுவிடும் என்று பறக்கிறதையே விட்டுவிட்டு, பிறந்த புல்லிலேயே நடந்து திரிகிறது. சாச்சி இதை வீட்டில் சொன்ன அன்றைக்கு அம்மா, "றெக்கை இல்லாததையெல்லாம் தேடிப்போறதுக்கு ஒரு மலையா?" என்று கேட்டாள். சாச்சிக்கு மூக்கு நுனி வெளுத்தது.

துறையில் தூக்கிப் போட்டிருந்த கண்ணாடி மூடிப் பெட்டிகள் ஏழை எடுத்துத் துடைத்து, அவளே மெல்லிய ஊசியில் குத்தி, ஒவ்வொரு ஊசியிலும் இடம், உயரம், தேதி, தன் பெயர் எழுதின ஒரு துண்டுச் சீட்டையும் கோர்த்து வைத்தாள். அவளுக்கு லத்தீன் தெரியாது. அந்தப் பூச்சிக்கு லத்தீனில் பெயரும் கிடையாது, அது பிறகுதான் தெரிந்தது. மலை உச்சியில், உச்சிவெயிலில் பறக்கிற அந்து. அதனால் பெட்டிகளின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் 'அந்து – உச்சி' என்று எழுதி ஒட்டி, துறையின் மேல்தட்டில் அடுக்கினாள்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன், அல்லது பதினொன்றாம் வகுப்பு என்மேல் இருந்தது. சாயங்காலம் சாச்சியோடு வீட்டுக்குப் போக அவள் துறையில் போய் உட்கார்ந்திருப்பேன். அப்போது பெட்டியில் நான்கு பொட்டைப்பூச்சிகள் இருந்தன. ஒரு நாள் ஒன்றை ஊசியோடும் சீட்டோடும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு ஊசியில் ஒரு கிராம்பைக் குத்திவைத்தேன். கிராம்புக்குக் கீழே ஒரு சீட்டும் எழுதிக் கோர்த்தேன். 'இடம்: பிரியாணி. உயரம்: அரை இஞ்சு.'

சாச்சி கத்துவாள் என்று பார்த்தேன். ஒரு வாரம், ஒரு மாதம் ஆகியும் சத்தமே இல்லை. விளையாட்டு புளித்துப்போய், திருப்பி வைக்க வெட்கமாகி, பிறகு நான் ஸ்கூலையே விட்டு நின்று, அதை மறந்தும் போனேன். சாச்சி கத்தாவிட்டால் போகட்டும். அந்தத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கினவர்கள் ஆறு பேர். இரண்டு வருடம் அந்தப் பெட்டிகளுக்குக் கீழே உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட ஏறிப் பார்த்து, பிரியாணிக் கிராம்பு ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

அந்தப் பூச்சிகளைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் வெளியூரிலிருந்து வந்தாள். பிரான்சி. மேலப்புதூர்ப் பெண், பெங்களூரில் பூச்சி ஆராய்ச்சி செய்கிறாள். யாரோ மாணவன் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு போன வருடம் வந்தாள். ஆண் பூச்சி இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள். அன்றைக்கு சாச்சி ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, இது புதுசு. உலகத்துல யாரும் இதை இன்னும் எழுதல. ஆனா ஆம்பளைய மட்டும் வச்சு எழுதினா பாதிக் கதைதான். பொட்டைக்கு றெக்கை கிடையாதுன்னு நான் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. சீட்டோட ஒண்ணே ஒண்ணு வேணும்க்கா."

கொடுப்பதற்குத் துறைத் தலைவர் அறிவுமதி சார் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சார் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர். காவிரிப் பாலத்து டிராஃபிக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அந்தக் கடிதம் அவர் மேஜையில் பதினொரு மாதம் கிடந்தது. கடைசியில் போட்டுவிட்டார். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை பிரான்சி வந்து வாங்கிக்கொள்வதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தைய வாரம் சாச்சி வழக்கம்போல மலைக்குப் போனாள். கடைசி மூன்று வருடமாகவே அங்கே ஒன்றையும் காணவில்லை. அந்தப் புல்வெளி முழுக்க வாட்டில் என்கிற சீமை மரம் முளைத்து நிழல் அடித்துவிட்டது. இந்தத் தடவையும் நான்கு நாளும் உச்சிவெயிலில் நின்று பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட எழவில்லை. இனிமேல் பெட்டியில் இருக்கிறதுதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறாள்.

அவள் மலையில் நின்ற அதே வாரம் கல்லூரியில் ஒரு சர்க்குலர் சுற்றியது. கமிட்டி வருகிறதாம், கல்லூரிக்கு மார்க் போட. நான் எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில்தான் வேலை பார்க்கிறேன். அந்தச் சர்க்குலரை நாற்பது காப்பி எடுத்தது நான்தான். 'துறைகளில் உள்ள அந்து பிடித்த, செல்லரித்த, உபயோகமற்ற பொருட்கள் அனைத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்த வேண்டும்.' நாற்பது தடவை என் கண் முன்னால் வெளியே வந்தது. நாற்பது தடவையும் நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சாச்சி போன் செய்தாள். "ஷிஃபா, கடைய விட்டுட்டு இங்க வா." அவ்வளவுதான் சொன்னாள்.

போனேன். மேல்தட்டு காலியாக இருந்தது. பெட்டிகள் காணாமல் போகவில்லை. வராந்தாவில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. உள்ளே நீலத் துணி விரித்து, கபடி மெடலும் கோலப்போட்டி சர்டிபிகேட்டும் வைத்திருந்தார்கள்.

அங்கே துப்புரவு வேலை பார்க்கிறவர் பெயர் பெரியண்ணன். பெயரே அப்படி என்பதால் பிரின்சிபாலுக்கும் அவர் பெரியண்ணன்தான். சாச்சி அவரை நிறுத்தினாள்.

"பெரியண்ணே, மேல இருந்த ஏழு பெட்டியில இருந்ததெல்லாம் எங்க?"

"அந்து புடிச்ச பெட்டிதானேக்கா? சுத்தமா காலி பண்ணிட்டேன்."

"அந்து புடிச்சதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான்." அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீங்கதானேக்கா எழுதி ஒட்டியிருந்தீங்க? அந்து, உச்சின்னு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அந்து இருக்கு, உச்சித் தட்டுல இருக்கு. ஏணி போட்டு ஏறினா உச்சித் தட்டுலயேதான் இருக்கு! அக்கா ஊருக்குப் போறப்பகூட எவ்வளவு விவரமா எழுதி வச்சிட்டுப் போயிருக்குன்னு சார்கிட்டயே சொன்னேன். சார் லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டாரு."

"உள்ள இருந்தது?"

"எல்லாம் ஊசியும் பொடியுமா இருந்துச்சு. கூட்டி அள்ளி, சருகோட போட்டுக் கொளுத்திட்டேன்." சாச்சியின் முகத்தைப் பார்த்து அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஒரு பெட்டியில கிராம்பு ஒண்ணு இருந்துச்சுக்கா. அதை மட்டும் எடுத்து பல்லு வலிக்குன்னு கடிச்சேன். அய்ய, அந்துருண்டை நாத்தம். மூணு நாளா நாக்குல அதேதான்."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கிராம்பு இருந்த இடத்தில் இருக்க வேண்டியது எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கு நுனி சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நேராக சாரின் அறைக்குப் போனாள். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"லேபிளை ஒழுங்கா எழுதியிருக்கணும் ஜஹானாரா," என்றார் அறிவுமதி சார். "அந்துன்னு எழுதினா வேற என்னன்னு நெனைப்பாங்க? சயின்டிபிக் பேர் போட்டிருக்கணும்."

"அதுக்குப் பேரே இல்ல சார். பேர் வைக்கத்தான் அந்தப் பொண்ணு வருது."

"சரி சரி. பூச்சிதானேம்மா? அடுத்த டூர்ல புடிச்சிக்கலாம்."

"மூணு வருஷமா அங்க ஒண்ணுமே இல்ல சார். இருந்தது இங்கதான் இருந்துச்சு."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடுங்க. கமிட்டி நேரத்துல இது வேற." சார் பேப்பரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பதினான்கு வருடம். சொந்தக்காரர்கள் வாயில் விழுந்து, தனியாகப் பஸ் ஏறி, காற்றில் நின்று சேர்த்தது. அதைக் கொளுத்தின பெரியண்ணன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கட்டடத்திலேயே அந்த லேபிளைப் படித்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். தப்பாகப் படித்தார், ஆனால் ஏணி போட்டு ஏறிப் படித்தார். கையெழுத்துப் போட்டவர் தரையில் நின்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாச்சியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். நான் பரணில் ஏறி என் பழைய ஸ்கூல் பையை இறக்கினேன். உள்ளே ஃபெயில் மார்க் ஷீட், அதற்கு அடியில் கண்ணுக்குப் போடுகிற சுருமாவின் பழைய டப்பா ஒன்று. அதை அவள் மடியில் வைத்தேன்.

திறந்தாள். ஊசி இருந்தது. சீட்டு இருந்தது. உமி மாதிரி அது இருந்தது.

விட்டாளே ஒரு அறை! என் வாழ்க்கையில் அவள் கையால் வாங்கின முதல் அறை. சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நீ சும்மா இரு லாத்தா," என்றாள் சாச்சி. பிறகு என்னிடம், "நீ அதை உடைச்சிட்டேன்னு நெனச்சேன்டி."

"என்னது?"

"கிராம்பை வச்ச மறுநாளே பார்த்துட்டேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கையில எடுத்து உடைச்சிட்டே, பயந்துபோய் கிராம்பை வச்சிட்டேன்னு நெனச்சேன். கேட்டா அழுவியேன்னுதான் கேக்கல. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் அந்தப் பாழாப்போன கிராம்புக்கும் சேர்த்து அந்துருண்டை போட்டேன்."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். உதடு எண்ணியது.

"அஞ்சு காலுதான் இருக்கு."

"நான் எடுக்கல சாச்சி. சத்தியமா."

"டப்பாவுல தேடு. கண்ணு இருக்குல்ல? தேடு."

தேடினேன். சுருமாக் கறுப்பில் ஒட்டிக்கொண்டு, தலைமுடித் துணுக்கு மாதிரி ஒன்று கிடந்தது. அம்மாவின் மாத்திரைக் காப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு, அதற்குள் அந்தக் காலை வைத்து மூடி, அதே ஊசியில் கோர்த்தாள். அம்மா அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலைமை அப்படி.

வியாழக்கிழமை பிரான்சி வந்தாள். கமிட்டியும் அன்றைக்கே வந்து வராந்தாவில் மெடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்த் துறை வாசலில் நின்றேன். சாச்சி டிபன் பாக்ஸைத் திறந்தாள். பஞ்சுக்கு நடுவில் இருந்ததைப் பிரான்சி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். லென்ஸை எடுக்காமலே இன்னொரு தடவை பார்த்தாள்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி சார் வந்துவிட்டார். கூடவே கமிட்டிக்காரர் ஒருவரும், போட்டோ எடுக்கிறவரும். சார் முகமெல்லாம் சிரிப்பு.

"இது எங்க டிபார்ட்மெண்ட் கலெக்‌ஷன். ரொம்ப வருஷமா நாங்க பாதுகாத்துட்டு வர்ற அரிய வகை. ஜஹானாரா, அதை இப்படிக் குடுங்க. நான் மேடம் கையில குடுக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துடலாம்."

சாச்சி டிபன் பாக்ஸை மூடினாள். மூக்கு நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் அவள் அந்த அறையில் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"டிபார்ட்மெண்டுது இல்ல சார் இது. டிபார்ட்மெண்டுதைத்தான் நீங்க கையெழுத்துப் போட்டுக் கொளுத்திட்டீங்களே? இது அந்து புடிச்சது. சர்க்குலர்படி வெளிய போயிடுச்சு. என் வீட்டுப் பரண்ல இருந்து வருது."

கமிட்டிக்காரர், "என்ன கொளுத்தினீங்க?" என்று கேட்டார். சார் காவிரிப் பாலத்து டிராஃபிக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாச்சி டிபன் பாக்ஸைப் பிரான்சியின் கையில் கொடுத்தாள். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற பெரியண்ணன், "அக்கா, இதுக்கா நான் அப்படிப் பண்ணிட்டேன்?" என்று எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று பிரான்சி லென்ஸை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஜ… ஹா… னா… ரா." பிறகு லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பெயர் வைத்து எழுதி வெளியே வர இன்னும் ஒரு வருடம் ஆகுமாம். அதற்குள் மலையில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். மூன்று வருடமாகக் காணாத ஒன்றுக்குப் பெயர் வைத்து என்ன செய்வது என்று நான் கேட்டேன். "காணோம்னு தேடறதுக்காவது பேர் வேணும்ல?" என்றாள் சாச்சி. கோபமாகத்தான் சொன்னாள்.

டிசம்பரில் மறுபடி போகிறாள், இந்தத் தடவை பக்கத்து மலைக்கு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். பையைச் சோதனை போட்டுத்தான் பஸ்ஸில் ஏற்றுவாளாம். போன வாரம் லீவு ஃபாரம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதவில்லை. 'அந்து' என்று எழுதியிருந்தாள். காப்பி எடுத்தது நான்தான், இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

அறிவுமதி சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். வழக்கம்போல, படிக்காமல்தான்.